பியூறன் மாவட்டத்தில் இல்லாத எல்லை

மகன்,

நீ பாடர்போர்ன் என்று சொன்னபோது நான் சோற்றுக்கு மேலே இன்னொரு கரண்டி சொதி விட்டுக்கொண்டேன். உனக்கு அது நினைவிருக்காது. உன் கொம்பனி மூன்று வருடத்துக்கு உன்னை ஜேர்மனிக்கு மாற்றுகிறது, மருமகள் நிலானியும் கூட வருகிறாள், ஊரின் பெயர் பாடர்போர்ன் என்று நீ சொன்னாய். அம்மா, "அங்கை சரியான குளிரோ?" என்று கேட்டார். நீ போனில் வாடகை வீடுகளின் படங்களைக் காட்டினாய். ஒரு வீட்டு வாசலில் நின்ற காரின் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கி, "அப்பா, மற்றக் கார் எல்லாம் பி.பி. எண்டு தொடங்குது. உது மட்டும் பி.யு.ஆர். வட் இஸ் தற்?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். அது பியூறன் என்ற மாவட்டத்தின் எழுத்து. அந்த மாவட்டம் இப்போது இல்லை. நான் அங்கே போவதற்குப் பத்து வருடம் முன்னரே அதைக் கலைத்துவிட்டார்கள். பிறகு எப்போதோ, பழைய எழுத்துகளை விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

நான் ஜேர்மனியில் கொஞ்சக் காலம் இருந்தேன் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கொஞ்சக் காலம் இருபது மாதம். அது முழுவதும் நீ போகப்போகும் பாடர்போர்ன் மாவட்டத்துக்குள்தான். உன் சித்தப்பா றெஜி அங்கே காய்ச்சல் வந்து செத்தான் என்பதும், அண்ணனின் மடியில் தலை வைத்துச் செத்தான் என்பதும் உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் நினைவுப் பூசைக்குப் பிறகு மாதா கோயில் மண்டபத்தில் யாராவது அதைச் சொல்லுவார்கள். நான் தலையை ஆட்டுவேன். அவன் காய்ச்சலில் செத்தது உண்மை. மற்றது நான் சொன்ன பொய். நீ அங்கே போனாலும் இதை உனக்குச் சொல்ல அந்த ஊர்களில் இப்போது யாரும் இல்லை. அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசிக்க எழுதவில்லை. பொய்யைப் பலருக்கு முன்னால் சொன்னேன், இதையும் பலர் வாசிக்கட்டும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். எனக்கு இருபத்தாறு வயது, அவனுக்குப் பத்தொன்பது. ஏஜென்ற் எனக்கு என் சொந்தப் பாஸ்போட்டிலும் அவனுக்கு வேறு ஒருவரின் பாஸ்போட்டிலும் வழி செய்தான். "பதியேக்கையும் அந்தப் பேரையே குடுங்கோ, மாத்தினால் இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்" என்று சொல்லியிருந்தான். அப்படியே கொடுத்தோம். தாளில் நாங்கள் சகோதரர்கள் இல்லை. ஆட்களைப் பிரித்து அனுப்பிய அன்று என்னை ஒரு பஸ்ஸிலும் அவனை மற்ற பஸ்ஸிலும் ஏற்றினார்கள். நாங்கள் அண்ணன் தம்பி என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். என் வாயைப் பார்த்துக்கொண்டுதான் அவன் நின்றான். நான் சொல்லவில்லை. என்னைப் பாடர்போர்ன் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் ஃபியூர்ஸ்டன்பேர்க் என்ற கிராமத்து அகதி விடுதியில் இறக்கினார்கள். அவனை எசென்தோ என்ற கிராமத்தில் இறக்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு காடு, நடந்தால் இரண்டு மணித்தியாலம் ஆகாது. ஆனால் எசென்தோ அடுத்த மாவட்டம்.

ஜேர்மன்காரர் மாவட்டத்தைக் கிரைஸ் என்பார்கள். வட்டம் என்று பொருள். எங்களுடைய சொல்லுக்குள்ளும் அந்த வட்டம் இருக்கிறது. அகதி விண்ணப்பம் போட்டவன், முடிவு வரும்வரை தன்னைப் பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். போவதானால் அலுவலகத்தில் அனுமதித் தாள் வாங்க வேண்டும். வேலை செய்யவும் அனுமதி இல்லை. அதனால் நடந்தேன். மாவட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்தானே. வியூனன்பேர்க், பியூறன், லிக்தனௌ என்று வட்டத்துக்குள்ளேயே காலையில் தொடங்கிப் பின்னேரம்வரை நடந்தேன். சில நாட்கள் சால்ஸ்கொட்டன்வரைகூடப் பஸ்ஸில் போய் வந்தேன். அந்தச் சின்ன நகரங்களின் தேவாலயக் கோபுரங்களை இப்போது கேட்டாலும் ஒன்றொன்றாகச் சொல்லுவேன். அவற்றைப் பார்த்து எதையும் நினைத்ததாக மட்டும் ஞாபகம் இல்லை.

முதல் வருடம் தாள் இல்லாமல் நாலைந்து தரம் றெஜியிடம் போனேன். காட்டுப் பாதையால் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு தரம் அவன் தன் மாவட்டத்து நகரமான மார்ஸ்பேர்க்கின் சந்தையைப் பார்க்க ஆசைப்பட்டான், கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டேஷனில் பொலிஸ் மறித்துத் தாளைக் கேட்டது. தண்டம் எழுதினார்கள். இன்னொரு முறை பிடிபட்டால் வழக்கு, குற்றப் பதிவு என்று மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அந்த நேரம் ரொறன்ரோவில் ஒரு தேவாலயத்தின் ஆட்கள் என்னைப் பொறுப்பெடுக்க எழுதியிருந்தார்கள். அதற்குப் பொலிஸில் பதிவு எதுவும் இல்லை என்ற கடிதம் வேண்டும். நான் முதலில் போய்ப் பிறகு றெஜியைக் கூப்பிடுவதாகத் திட்டம். அதன் பிறகு நான் எசென்தோவுக்குப் போகவில்லை. ஞாயிறுகளில் அவன் எங்கள் விடுதிப் போனுக்கு எடுப்பான். "அண்ணை, நான் வரட்டே? என்னைப் பிடிச்சால் பிடிக்கட்டும்" என்பான். "வந்து எனக்குக் கரைச்சல் தராதை" என்று சொன்னேன். அதை எந்தக் குரலில் சொன்னேன் என்றுகூட எனக்குத் தெரியும்.

எங்கள் விடுதியிலிருந்து நாலு வீடு தள்ளி ஹெர் பெக்கர் என்ற மனிதர் இருந்தார். ஹெர் என்பது திரு என்பதுபோல. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. விடுதிக்குக் குளிர்ச்சட்டைகள் கொண்டுவந்து தருவார். பியூறன் மாவட்ட அலுவலகத்தில் இளம் வயதிலிருந்து எழுதுவினைஞராக இருந்தவர். மாவட்டங்களைப் பெரிதாக்க வேண்டும் என்று மாநில அரசு முடிவெடுத்தபோது பியூறனைக் கலைத்தார்கள். பெரும் பகுதியைப் பாடர்போர்னோடு சேர்த்தார்கள். தெற்கே நாலு கிராமங்களை மட்டும் வெட்டி, மலைப்பக்கத்தில் புதிதாக உண்டாக்கிய மாவட்டத்துக்குக் கொடுத்தார்கள். கோப்புகளைப் பெட்டிகளில் அடுக்கிப் பாடர்போர்னுக்கு அனுப்பியது தான்தான் என்று அவர் சொன்னார். வீட்டுச் சுவரில் பழைய மாவட்டத்தின் வரைபடம் இருந்தது. நான் அதைப் பல தரம் பார்த்திருக்கிறேன். எசென்தோ எங்கே என்று அதில் தேடியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விடுதிப் போன் அடித்தது. றெஜியோடு அறையில் இருந்த நெடுந்தீவுக்காரன் ஒருவன் பேசினான்.

"அண்ணை, றெஜிக்கு மூளைக்காய்ச்சலாம். மார்ஸ்பேர்க் ஆஸ்பத்திரியில வச்சிருக்கினம். நீங்கள் ஒருக்கா வாங்கோ."

"ஆளுக்குக் கடுமையோ?"

"கடுமைதான் அண்ணை. உங்களைத்தான் கேக்கிறான்."

அலுவலகம் மத்தியானத்தோடு பூட்டியாயிற்று. திங்கட்கிழமைதான் திறப்பார்கள். திறந்திருந்தாலும் யார் இவன் உனக்கு என்று கேட்டால் என்ன சொல்வது? தம்பி என்றால் பெயர் பொய் என்பது வெளியில் வரும். நண்பன் என்றால் தருவார்களோ தெரியாது. இதையெல்லாம் கட்டிலில் இருந்து கணக்காக யோசித்தேன். ஹெர் பெக்கரிடம் கார் இருந்தது. அவருடைய வீட்டு வெளிச்சம் யன்னலால் தெரிந்தது. அவர் ஒரு காலத்தில் அரசாங்க ஆள், சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் நடக்கத் தொடங்கினேன். போவதென்றுதான் புறப்பட்டேன், அதை நீ நம்ப வேண்டும். காட்டுப் பாதையில் ஒரு மரம் விழுந்து கிடந்ததால் றோட்டால் போனேன். காடு முடிகிற இடத்தில் அடுத்த மாவட்டத்தின் பெயர்ப் பலகை நின்றது. அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே புல், ஒரே கம்பி வேலி. பொலிஸ் இல்லை, யாரும் இல்லை. ஒரு உழவு இயந்திரம் என்னைக் கடந்து போனது, ஓட்டினவர் கையைக் காட்டினார். நான் நின்றேன். கனடாவை நினைத்தேன். ஒருவர் இங்கே கெட்டுப்போனால் இரண்டு பேரும் கெட்டுப்போவோம் என்று எனக்குள் சொன்னேன். அவன் இளம் பெடியன், தாங்குவான் என்றும் சொன்னேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் விறைத்துவிட்டது. திரும்பி நடந்து விடுதிக்கு வந்து, மற்றவர்கள் சமைத்து வைத்திருந்ததைச் சாப்பிட்டேன்.

றெஜி ஞாயிறு காலையில் செத்துப்போனான்.

திங்கட்கிழமை ஹெர் பெக்கர் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். ஒரு நண்பனின் அடக்கத்துக்குப் போக வேண்டும் என்றேன். தன் காரில் பாடர்போர்னுக்குக் கூட்டிப்போனார். அலுவலகத்தில் ஒரு பெண் ஐந்து நிமிடத்தில் தாளில் முத்திரை குத்தித் தந்தார். ஹெர் பெக்கர் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார், அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். வெளியே வந்த பிறகு ஹெர் பெக்கர் எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்: "சாகக் கிடக்கிற ஒருவரைப் பார்க்கத் தாள் இல்லாமல் போயிருந்தாலும் ஒருவரும் உன்னைத் தண்டித்திருக்க மாட்டார்கள் என்கிறாள். என் கதவைத் தட்டியிருக்கலாமே. ஏன் தட்டவில்லை?"

அடக்கம் புதன்கிழமை. அவரே காரை ஓட்டினார். அந்தப் பலகையைக் கடந்தபோது அவர் வேகத்தைக் குறைத்தார். "முன்பு இங்கே எல்லை இல்லை. எசென்தோ எங்களுடைய ஊர். பியூறன் மாவட்டம். இந்தக் கோட்டை ஒரு மேசையில் வைத்துப் போட்டார்கள், அந்தத் தாள்களை நான்தான் பிரதி எடுத்தேன்" என்றார். அவர் என்னைத் தேற்றச் சொன்னாரா, தன் துக்கத்தைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. பத்து வருடம் முன்பென்றால் நானும் றெஜியும் ஒரே வட்டத்துக்குள் இருந்திருப்போம். ஆனால் மகன், ஜேர்மனி போட்ட கோட்டின் மேல் நான் பழியைப் போட மாட்டேன். கோடு அங்கே கிடந்தது. அதைக் கடக்காமல் நின்றது என் கால்.

தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். சிலுவையில் அந்த வேறு ஒருவரின் பெயரை எழுதியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நெடுந்தீவுக்காரன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் வேலியோரம் வைத்துச் சொன்னான். "ரெண்டு தரம் கேட்டவன் அண்ணை, அண்ணை வந்திட்டாரோ எண்டு. வெளியில நிக்கிறார், டொக்டர் விடேல்லை எண்டு சொல்லிப்போட்டன். பிறகு கேக்கேல்லை." நான் அவனுக்கு நன்றி என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். பிறகு நான் அவனைக் காணவில்லை.

அந்தக் கிழமையே ஊருக்கு எழுதினேன். பக்கத்தில் இருந்தேன், தண்ணீர் பருக்கினேன், என் மடியில்தான் போனான் என்று எழுதினேன். ஊரில் என் அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அன்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்கும் அது தேவைப்பட்டது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அஞ்சு மாதத்தில் கனடா வந்தேன். கடிதம் எனக்கு முன்னரே சனத்தின் வாயில் ஏறி ரொறன்ரோவுக்கு வந்திருந்தது. விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டவந்த ஒருவர், "தம்பியைக் கடைசிவரைக்கும் பாத்த பிள்ளை" என்று மற்றவருக்கு என்னை அறிமுகம் செய்தார். அதைத் திருத்த அப்போது ஒரு வசனம் போதும். நான் "ஓம்" என்றேன். அந்த ஓம்தான் நான் செய்ததில் மிகச் சின்னதும் மிகப் பெரியதும்.

அதற்குப் பிறகு எனக்குள் ஒரு பகுதி மரத்துப்போயிற்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலைக்கு அது வசதியாகவே இருந்தது. உன் அம்மாவைக் கலியாணம் செய்தேன், நீ பிறந்தாய், அஜக்ஸில் வீடு வாங்கினோம். எல்லாவற்றுக்கும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். உன்னைக் கையில் தந்தபோது பாரமாக இருந்தாய் என்று நினைத்தேன், அவ்வளவுதான். நீ நீச்சல் போட்டியில் மெடல் எடுத்த அன்று எல்லா அப்பாமாரும் கத்தினார்கள், நான் உன் துவாயை மடித்தேன். நீ காரில் பின்சீற்றில் போய் இருந்தாய். நான் கோபக்காரன் இல்லை, குடிகாரன் இல்லை, ஆனால் வீட்டில் இல்லாத ஒருவனோடு நீ வளர்ந்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி விஷயத்தையும் எழுத வேண்டும். மூன்று வருடம் முன்னர் நிலானி குழந்தையை இழந்தபோது நீ எனக்குப் போன் எடுத்தாய். "அப்பா, கான் யூ கம்? அம்மாவை மட்டும் அனுப்பாதேங்கோ, நீங்களும் வாங்கோ" என்றாய். உனக்கு என்னிடம் அப்படிக் கேட்கிற பழக்கமே இல்லை. நான் வந்தேன். அம்மாவை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தினேன். கதவுவரை நடந்தேன், அது தானாகத் திறந்தது, நான் உள்ளே வரவில்லை. திரும்பிப் போய்க் காருக்குள் மூன்று மணித்தியாலம் இருந்தேன். பிறகு உன்னிடம், கார் பற்றரி இறங்கிவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றேன். நீ, "இட்ஸ் ஓகே அப்பா, லீவ் இட்" என்றாய். அது ஓகே இல்லை. காரின் பற்றரிக்கு ஒன்றும் இல்லை. நிலானியிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்பேன், நீ அதைச் செய்ய வேண்டாம். உன்னிடம் இங்கே கேட்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனாலும் தகப்பன் எழுதும் கடிதத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஒருவர் உன்னைக் கூப்பிட்டால், போகலாமா என்று விசாரிக்கத் தொடங்காதே, முதலில் போ. போகாமல் விட்டுவிட்டால், போகவில்லை என்று அன்றே சொல்லிவிடு. முதலாவது பிழையோடு ஒரு மனிதன் வாழ்ந்துவிடலாம். அதை மூடிய பிறகு தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாகத்தான் இருக்க முடியும். இன்னொன்றும் உண்டு. நான் அந்தப் பலகையைத் தாண்டியிருந்தால் கனடா இல்லை, நீ இல்லை என்று யாராவது உனக்குக் கணக்குச் சொல்லக்கூடும். அதை ஏற்காதே. நீ றெஜிக்குப் பதிலாகக் கிடைத்தவன் அல்ல. ஹெர் பெக்கரும் செத்துப் பல வருடம். சாவதற்கு முன்னர் ஒரு கடிதம் போட்டார். அங்கே புதைகுழிக்கு இத்தனை வருடம் என்று ஒரு தவணை இருக்கிறது, தவணை முடிந்து சிலுவையை எடுத்துவிட்டார்கள் என்று எழுதி, புல் மட்டும் தெரியும் ஒரு படமும் வைத்திருந்தார். ஆகவே தேடாதே. தேடினாலும் அந்தப் பெயரில் அவன் இருக்க மாட்டான்.

உனக்கு எழுதுவதற்கு முன்னர் மாமிக்குச் சொல்ல வேண்டும் என்று போன ஞாயிறு ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சகோதரம் அவள்தான். குசினியில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். இடையில் அடுப்பை நிறுத்தினாள்.

"அப்ப அவன் தனியத்தான் கிடந்தவனோ?"

"கூட இருந்த பெடியன் ஒருத்தன் நிண்டவன்."

"நீங்கள் இல்லை."

"இல்லை."

"அம்மா சாகேக்கை என்ன சொன்னவ தெரியுமோ அண்ணை? மூத்தவன் பக்கத்தில நிண்டவன், எனக்கு அது போதும் எண்டு. இப்ப நான் அதை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

அவள் அழுதாள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். காரைப் பின்னுக்கு எடுக்கும்போது வந்து கண்ணாடியில் தட்டினாள். "அந்த ஊருக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள். எசென்தோ என்றேன். இன்னொருக்காச் சொல்லுங்கோ என்றாள். சொன்னேன். தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். செவ்வாய்க்கிழமை போன் எடுத்தாள். "உங்கடை பெடியன் அங்கை வீடு எடுத்து இருந்தாப்பிறகு சித்திரைக்குள்ள நான் போறன். ரிக்கெற் பாக்கச் சொல்லிப்போட்டன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ. வராட்டிலும் நான் போவன்." போனை வைத்துவிட்டாள். என்னை மன்னித்தாள் என்று நினைத்துவிடாதே. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

உன் அம்மாவிடம், மாமி போன் எடுத்த அன்று பின்னேரமே சொன்னேன். அவர் என் பாஸ்போட் முடிந்து எத்தனை வருடம் என்று மட்டும் கேட்டார். நேற்று அஜக்ஸ் மோலில் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். அம்மா சேட்டுக்கு இஸ்திரி போட்டுத் தந்திருந்தார். படம் எடுத்த பிள்ளை தமிழ்ப் பிள்ளை, என் நாடியைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டு, "அங்கிள், சிரிக்கக் கூடாது. ஒண்டும் காட்டாமல் நேரே பாருங்கோ" என்றாள். நேரே பார்த்தேன். முதல் படமே சரி என்றாள். பிறகு படத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, "ஏன் அங்கிள் அழுறீங்கள்?" என்று கேட்டாள். நான் கையால் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

அப்பா